பழகாத காது

மார்ச் 2

ஷர்மிளா பானு மிஸ் எங்கள் பன்னிரண்டு பேரையும் 'வேலைக் குறிப்பு' எழுதச் சொல்லியிருக்கிறார். அது கண்காட்சியில் வைக்கிற நோட்டு. அதில் 'இன்று புதிய நுட்பம் கற்றேன், மகிழ்ந்தேன்' என்று எழுதியாகிவிட்டது. இது வேறு நோட்டு. மேலே கெமிஸ்ட்ரி என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டில் கெமிஸ்ட்ரியைத் தொடுகிற ஆள் என்னைத் தவிர யாருமில்லை.

விஷயம் இதுதான். ஜார்ஜியா என்று ஒரு நாடு. அதில் குத்தாயிசி என்ற ஊரில் ஒரு பள்ளி. சின்னமனூரில் நாங்கள். அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி என்று ஜோடி போட்டு, இரண்டு வீட்டுக் காலைச் சத்தத்தையும் சேர்த்து நாலு நிமிட ஒலிச்சித்திரம் செய்ய வேண்டும். படமே கிடையாது. பதிவு செய்வது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் கம்ப்யூட்டரில் கற்றுக்கொள்வோமாம். ஏப்ரல் நாலாம் தேதி இரண்டு ஊரிலும் பெற்றோரை உட்காரவைத்து ஒரே நேரத்தில் கேட்பது.

"சுபிக்‌ஷா, ஒனக்கு இங்கிலீஷ் வரும்ல" என்று மிஸ் கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டேன். இப்போது அகராதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5

என் ஜோடியின் பெயர் தமூனா. வீடியோவில் பார்த்தேன். சுருட்டை முடி, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன். அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷ் மாதிரியே தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. அப்பாடா என்று இருந்தது.

ஆனால் அவள் காது பொல்லாத காது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே, உன் பின்னால் ஏதோ உஸ்ஸென்று மூச்சுவிடுகிறதே, அது என்ன என்றாள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, சத்துணவுக் கூடத்தில் குக்கர்.

ஒரு விதி இருக்கிறது. இருபது நிமிடம் பதிவு செய்து, நாம் கேட்காமல், வெட்டாமல் அப்படியே அனுப்பிவிட வேண்டும். முதலில் கேட்பது, வெட்டுவது எல்லாம் ஜோடிதான். ஏன் என்று கேட்டதற்கு மிஸ், "நம்ம வீட்டுச் சத்தம் நம்ம காதுக்கு எப்பவோ செத்துப்போச்சு. பழகாத காது ஒண்ணு கேட்டாத்தான் அதுல என்ன இருக்குன்னு தெரியும்" என்றார்.

மார்ச் 8

பதிவு முடிந்தது. ஆனால் வீட்டில் ஆள் கூடிவிட்டது. நேற்று சாயங்காலம் உத்தமபாளையத்து அத்தை வந்து இறங்கிவிட்டார். அப்பாவின் அக்கா. மல்லிகைப்பூ இரண்டு முழமும் ஜாங்கிரியுமாக வந்து, என் தாடையைப் பிடித்து ஆட்டி, "வளந்துட்டா" என்றார். வளராமல் என்ன செய்வார்கள்.

அம்மாவிடம் ராத்திரியே சொல்லிவைத்தேன், அவள் போனைத்தான் பதிவுக்கு எடுக்கிறேன், யாரும் தொடக் கூடாது என்று. அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஓடுறப்ப யாராச்சும் பேசுனா?"

"பேசுனா அதுவும் விழும்."

"நீ கேப்பியா?"

"நான் கேக்கக் கூடாதும்மா. அந்தப் பொண்ணுதான் கேக்கும்."

"அதுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது. ஆனா கம்ப்யூட்டர் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதிக் காமிச்சிரும்."

"ம்" என்று முறத்தைத் தட்டினாள்.

காலையில் ஆறு மணிக்கு அடுப்படி மாடத்தில் உப்பு ஜாடி பக்கத்தில் போனை ஓடவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது. இன்று வரிசை நீளம். திரும்பி வந்தபோது அப்பாவும் அத்தையும் முன்னறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. போன் உப்பு ஜாடி பக்கத்திலேயே இருந்தது.

மார்ச் 9

அனுப்பிவிட்டேன். இருபது நிமிடக் கோப்பு ஏறுவதற்கு நாற்பது நிமிடம்.

மார்ச் 12

இன்று லேபில் தமூனாவின் செய்தி பார்த்தேன். தெருவிலிருந்து விழுந்த குழாயடிச் சண்டை அருமையாம். தேங்காய் உடைக்கிற சத்தத்தைத் தன் அப்பாவின் ரொட்டி அடுப்புச் சத்தத்தோடு சேர்த்து ஒட்டியிருக்கிறாளாம். கடைசியில், 'வாழ்த்துகள், உங்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணம்?' என்று கேட்டிருந்தாள்.

யாருக்கும் இல்லை என்று எழுதினேன். கம்ப்யூட்டர் எழுதிக்கொடுத்ததை அனுப்பினாள். இங்கிலீஷில் இருந்தது. இங்கே தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

பெண்: ஏப்ரல் இருபது நல்ல நாள். முகூர்த்தம் ஏழரையிலிருந்து எட்டரை. கோயிலில் முடித்துவிடலாம்.

ஆண்: அவளுக்குப் பதினாறு வயது அக்கா.

பெண்: என் மகனுக்கு விடுமுறை ஒரு மாதம்தான். போனால் மூன்று வருடம் வரமாட்டான்.

ஆண்: படிப்பு.

பெண்: பதினொன்றாம் வகுப்பு போதும். பரீட்சை முடியும்வரை அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஆண்: சரி அக்கா.

அத்தை மகன் அழகுராஜா துபாயில் ஏசி மெக்கானிக். நான் நாலாவது படிக்கும்போது எனக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அப்போதே அவருக்கு மீசை இருந்தது.

'அது டிவி சீரியல்' என்று தமூனாவுக்குப் பதில் போட்டேன். நல்ல நடிகர்கள் என்றாள்.

மார்ச் 13

சீரியலாகவும் இருக்கலாம். காலை ஆறு மணிக்கு யார் வீட்டில் சீரியல் ஓடுகிறது என்று கேட்கக் கூடாது.

மார்ச் 15

கம்ப்யூட்டர் தப்பும் தவறுமாக மாற்றியிருக்கும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோப்பைத் திறந்து கேட்டால் ஒரு நிமிட வேலை. விதி இருக்கிறது, அதனால் கேட்கவில்லை. விதியை மதிக்கிறவள் நான். அது மட்டும்தான் காரணம்.

அப்பா குட்டியானை வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய்வருகிறவர். எப்போதும் வந்ததும் குளித்து, சாப்பிட்டு, படுத்துவிடுவார். இன்று எனக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்திருக்கிறார். கேட்கவே இல்லை. "அளவு சரியா இருக்கா தாயி" என்று குனிந்து பார்த்தார். அப்பா அன்பாக இருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வரும் என்று தெரியாது.

மத்தியானம் அத்தை வீட்டிலிருந்து ஆள் வந்தது, அளவு ஜாக்கெட் வேண்டும் என்று. யாருடையது என்று அவர் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய பழைய ஜாக்கெட் ஒன்றை மடித்துக் கொடுத்துவிட்டாள். அதில் என்னைப் போல இரண்டு பேர் நுழையலாம். ஆக, அம்மாவும் உடந்தை. கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறாள் பார். ராத்திரி அவள் வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை.

மார்ச் 17

தமூனா ஒரு சந்தேகம் கேட்டாள். ஆறாவது நிமிடத்தில் யாரோ போனைக் கையில் எடுக்கிறார்கள், துணி உரசுகிறது, மெதுவாக நடக்கிறார்கள், வேறு அறையில் வைக்கிறார்கள். அதுவரை பக்கத்தில் கேட்ட குக்கர் அதன் பிறகு தூரத்தில் கேட்கிறது. மங்கலாக இருந்த பேச்சு தெளிவாகிறது. பதினேழாவது நிமிடத்தில் திரும்ப எடுத்துப் பழைய இடத்தில் வைக்கிறார்கள். சீரியல் சத்தம் நன்றாக விழ வேண்டும் என்று நீதான் மாற்றி வைத்தாயா, அழகாக வைத்திருக்கிறாய் என்றாள்.

ஆமாம், நான்தான் என்று எழுதிவிட்டேன்.

ஆறாவது நிமிடத்தில் நான் தெருக்குழாயில் எனக்கு முன்னால் குடத்தைச் செருகியவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 18

கேட்டுவிட்டேன். விதியை மீறியாகிவிட்டது.

லேபில் ஓரமாக உட்கார்ந்து ஹெட்போன் மாட்டினேன். இரண்டு தடவை தப்பான இடத்தில் அமுக்கினேன். அம்மா அடுப்படியில் இருக்கிறாள். கரண்டி, தட்டு, இருமல். முன்னறையில் ஏதோ முணுமுணுப்பு. பிறகு கரண்டி நிற்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு வளையல். மிகப் பக்கத்தில், என் காதுக்குள்ளேயே அம்மாவின் மூச்சு. வேகமான மூச்சு. அப்புறம் "காபிக்குச் சீனி போதுமா மதினி" என்று அவள் அத்தையிடம் கேட்பதும், ஏதோ துணியைப் போட்டு மூடுவதும், அவள் திரும்பிப் போவதும் கேட்டது. அதன் பிறகு அத்தை குரல், அப்பா குரல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி.

அப்பா 'சரிக்கா' என்று சொல்கிற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

கம்ப்யூட்டர் தப்பாக மாற்றவில்லை.

மார்ச் 20

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன்.  அவள்தான் பேசினாள், என்னைப் பார்க்காமல்.

"அந்தப் புள்ள கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"என்ன சொல்லுச்சு?"

"யாருக்குக் கல்யாணம்னு கேட்டுச்சு."

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "நான் வாயத் தொறந்தா ஒங்கத்தை என்னைய இந்த வீட்டுல வச்சிருக்காது. ஒங்கப்பாவும் அக்கா முன்னாடி வாயத் தொறக்க மாட்டாரு" என்றாள். அப்புறம், "நீ பரீட்சைக்குப் படி. ஃபெயிலாப் போனா அதையே சாக்கா வச்சுக்குவாங்க" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்படிச் செய்து பழக்கமில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 24

மூன்று தடவை ஷர்மிளா பானு மிஸ்ஸைத் தேடிப் போனேன். முதல் தடவை கண்காட்சிக்கான பிரின்ட் பற்றிக் கேட்டேன். இரண்டாவது தடவையும் பிரின்ட் பற்றிக் கேட்டேன். மூன்றாவது தடவை, "ஒனக்கு என்னதான் பிரின்ட் எடுக்கணும் சுபி" என்று சிரித்தார். ஒன்றுமில்லை மிஸ் என்றேன்.

மிஸ்ஸிடம் சொன்னால் அவர் போன் பண்ணியே ஆக வேண்டும். போலீஸ் வரும். எங்கள் தெருவில் போன வருடம் வேறு விஷயத்துக்கு ஒருவரை ஜீப்பில் ஏற்றியபோது, தெருவே வாசலில் நின்று பார்த்தது. அப்பாவை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. சொல்லாவிட்டால் ஏப்ரல் இருபது. இரண்டு பக்கமும் பயம், நடுவில் நான் கணக்குப் பரீட்சைக்குப் படிக்கிறேன்.

மார்ச் 27

பரீட்சை முடிந்தது. இன்று என்னிடம் சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

தமூனாவிடம் உண்மையைச் சொன்னேன். சீரியல் இல்லை, அது என் அப்பா, அந்தப் பெண் நான் என்று.  பிறகு, என் டீச்சரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்படியானால் ஒன்று சொல், அந்தப் பேச்சை ஒலிச்சித்திரத்தில் இருந்து வெட்டிவிடவா, வைக்கவா என்றாள்.

கத்தரி அவள் கையில்தான் இருக்கிறது. நாலாம் தேதி ஓடப்போவது அவள் பக்கத்திலிருந்துதான். அதற்கு முன்னால் மிஸ்கூடக் கேட்க முடியாது. முதல் தடவை எல்லாரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும் என்பதும் விதி.

மார்ச் 28

வை என்று எழுதினேன்.

ஏப்ரல் 1

வெட்டிவிடு என்று எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். அழித்தேன். அத்தை போன் பண்ணி, மண்டபம் வேண்டாம், கோயிலோடு சரி, அம்பது பேர்தான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா 'சரி மதினி, சரி மதினி' என்று நின்றாள். மூன்றாவது தடவை ஒன்றும் எழுதவில்லை.

ஏப்ரல் 4

 நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அப்பா வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். லோடு இல்லையாம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். 'எம்மக வெளிநாட்டோட சேந்து செஞ்சது' என்று பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அப்போதே ஓடிவிடலாம் போல இருந்தது.

திரையில் குத்தாயிசி ஆட்கள் தெரிந்தார்கள். எங்களுடையது ஐந்தாவது. மழை பெய்கிறது, அது அவர்கள் ஊர் மழை. ரொட்டி அடுப்பு. எங்கள் குழாயடி. அரங்கில் சிரிப்பு. குக்கர். பிறகு மற்றச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி, ஒரு ஆம்பளைக் குரல்.

"அவளுக்குப் பதினாறுதானக்கா ஆகுது."

அப்பா அம்மா பக்கம் சாய்ந்து, "யாருடி இவென், நம்ம பக்கத்து ஆளு மாதிரியே பேசுறான்" என்றார். தன் குரல் அவருக்குத் தெரியவில்லை. அடுத்து அத்தை குரல் வந்தது. பரீட்சை முடியும்வரை அவளிடம் சொல்ல வேண்டாம் என்றது. அப்பாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதன் பிறகு அவர் குரலே, "சரிக்கா." தமூனா அதற்கு மேல் ஒன்றும் ஒட்டவில்லை. முடிந்துவிட்டது.

கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. தலைமை ஆசிரியை எழுந்து, "இது யார் வீட்டுப் பதிவு?" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வாழ்நாளில் மறக்கப் போவதில்லை. எழுந்திருக்கப் பெஞ்சைப் பிடித்தேன்.

அம்மா எழுந்தாள். நாலு பேர் முன்னால் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"எங்க வீடு டீச்சர். நான்தான் போனைக் கொண்டுபோயி அங்கன வச்சேன். எம்மக கிட்டச் சொல்ல எனக்குத் தெம்பில்ல. அதான் வச்சேன்."

அப்பா எழுந்து வெளியே போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. மிஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது, விடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 7

குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மா வந்தார். ஜீப் இல்லை, ஸ்கூட்டிதான். கூட ஒரு பெண் போலீஸும் ஷர்மிளா பானு மிஸ்ஸும். பதினெட்டு முடியும்வரை செய்யமாட்டேன் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரிம்மா' என்றார். அதே சரி. அதனால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை. யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்குச் சரி சொல்கிறவர் அப்பா.

அவர்கள் போன பத்தாவது நிமிடம் லோடு எடுக்கிறேன் என்று கிளம்பினார். 

ஏப்ரல் 12

அத்தை போனில், "காயிதத்துல கையெழுத்துப் போட்டா கழுத்துல தாலி ஏறாதா? அன்னைக்குக் காலைல காரோட வாரேன், எவ தடுக்குறான்னு பாக்குறேன்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் அம்மா. அப்பா ஊரில் இல்லை. உத்தமபாளையத்தில் அத்தை வீட்டில்தான் தங்கியிருக்கிறார் என்று கேள்வி.

ஏப்ரல் 19

ஷர்மிளா பானு மிஸ் தன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றாள். நாளைக்கு ஓடினால் நாளை மறுநாளும் ஓட வேண்டும் என்றாள். அத்தை வந்தால் உடனே கூப்பிடச் சொல்லி அதிகாரி கொடுத்த நம்பரைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறோம். தமூனா ஐந்து தடவை 'நலமா' என்று கேட்டுவிட்டாள். நலம் என்றுதான் போடுகிறேன். பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 20

விடிந்ததுமே அம்மா கதவைத் தாழிட்டு, குறுக்கே அரிசி மூட்டையை இழுத்துப் போட்டாள். ஆறே முக்காலுக்கு வாசலில் குட்டியானைச் சத்தம்.

"பாண்டீஸ்வரி, கதவத் தொற."

அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "கூட யாரு வந்திருக்கா?"

"தனியாத்தான் வந்திருக்கேன்."

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தனியாகத்தான் நின்றார். பல நாள் தாடி. அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்போதும் திறக்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் கதவையே பார்த்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, வாசலை மறித்துக் குறுக்கே நிறுத்தினார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டி. நாங்கள் வெளியே போகாமல் மறிக்கிறாரா, வேறு யாரும் உள்ளே வராமல் மறிக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா போனைக் கையில் எடுத்து அதிகாரியின் நம்பரை அமுக்கத் தயாராக வைத்துக்கொண்டாள்.

ஏழு நாற்பதுக்குக் கார் வந்தது. அத்தை இறங்கினார், பட்டுப்புடவையில். அழகுராஜா உள்ளேயே இருந்தார். "வண்டிய எடுடா தம்பி, நேரம் போகுது" என்றார் அத்தை.

அப்பா எழுந்திருக்கவில்லை.

"எடுக்க மாட்டேன்."

"என்னடா சொல்ற?"

"திரும்பிப் போக்கா."

அதற்குப் பிறகு அத்தை அழுதது, திட்டியது, தெரு கூடியது எல்லாம் நடந்தது.  அப்பா இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தார். எட்டு இருபதுக்குக் கார் போனது. அவர் அப்போதும் நகரவில்லை.

"எட்டரை தாண்டட்டும். அதுவரைக்கும் தொறக்க வேணாம்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

எட்டரைக்கு நானும் அம்மாவும் சேர்ந்து அரிசி மூட்டையை நகர்த்தினோம். அம்மா தாழ்ப்பாளை எடுத்தாள். அப்பா உள்ளே வரவில்லை. படியில் இருந்தபடியே, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு தாயி" என்றார்.